வீட்டுப் பொட்டலம்

பினாங்கில் ‘இன்னிக்கு என்ன சமையல்?’ என்று கேட்பவர்களைவிட ‘இன்னிக்கு எங்க சாப்பாடு?’ என்று கேட்பவர்களே அதிகம். ஜார்ஜ்டவுன் அஞ்சடி நடைபாதையில் பத்துக் கடை தாண்டுவதற்குள் ஓர் அடுப்பாவது எரிந்துகொண்டிருக்கும். விருந்தாளி வந்தால் உலை வைக்க மாட்டோம், வண்டிச் சாவியைத் தேடுவோம். சோற்றை மட்டும் வீட்டில் வடித்துக்கொண்டு மற்றதைக் கடையிலிருந்து கட்டி வருகிற குடும்பங்கள் எங்கள் மாடியிலேயே நான்கு உண்டு. அப்படிக் கட்டி வருவதற்குச் சீனர் சொல் ‘தாப்பாவ்’, மலாய்க்காரர் சொல் ‘புங்குஸ்’. நாங்கள் இரண்டையும் சொல்வோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிமாக இருந்துவிட்டால் ‘நானா, ரெண்டு பொட்டலம்’ என்போம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் கொரோனாவை ஒட்டி 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள். நான் இருபது வருடமாகப் போய்வரும் நாசி கண்டார் கடை இரும்புக் கதவை இறக்கிவிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல் வேறொரு கடையிலிருந்து கைப்பேசிச் செயலி வழியாக வரவழைத்தேன். சோறு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், குழம்பு இன்னொரு டப்பாவில், கோழி மூன்றாவதில் வந்தது. சோறு வெள்ளைவெளேரென்று இருந்தது. குழம்பில் ஒரு பருக்கைகூடக் கிடையாது. அதுதான் கோளாறு. நாசி கண்டாரை இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் குசினி அலமாரியைத் திறந்து பார்த்தேன். கோழிப் படம் போட்ட சார்டின் டின் ஐந்து. மெகி கறி ஓர் உறை, உள்ளே ஐந்து பாக்கெட். மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், இரண்டும் வாய் சுருட்டி ரப்பர் போட்டது. சோயா கிச்சாப்பில் தண்ணியாக ஒன்று, கெட்டியாக ஒன்று. காய்ந்த மிளகாய், புளி, அரைப்பை நெத்திலி, பழைய செய்தித்தாளில் சுருட்டிய பெலாச்சான், பால்டின். கடை மூடினால் மூடட்டும், அந்தச் சாப்பாட்டை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று தோன்றியது. அவசரத்துக்கு இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது எனக்குப் புதிதில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. வீட்டுச் சாப்பாடாக இல்லாமல் கடைச் சாப்பாடாக அது வரவேண்டும்.

அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் அலமாரி வேறு மாதிரி. கடைசிக் காலம்வரை பத்துக் கிலோ அரிசிப்பை ஒன்று உடைக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போட்ட 1941 டிசம்பர் 11 அன்று அவளுக்கு ஒன்பது வயது. எட்டு நாள் கழித்துத் தீவு அவர்கள் கைக்குப் போனது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வரும்வரை அரிசி என்பது பேச்சில் இருந்த பொருள். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் மூன்று வேளையும். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அந்த இரண்டு கிழங்கையும் வீட்டுக்குள் விட்டதில்லை. பசாரில் கிழங்குக்கடை வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

ஆனால் அவளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை மீ ரெபுஸ் என்றால் உயிர். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கட்டி வருவார். பழுப்புச் சிவப்பில் கொழகொழவென்று குழம்பு, மஞ்சள் மீ, அவித்த முட்டை, மேலே ஒரு துண்டு எலுமிச்சை. அந்தக் குழம்பைக் கெட்டியாக்குவதே சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து மசித்துத்தான். அப்பாவுக்குத் தெரியும். எனக்குப் பதினாறு வயதில் தெரிந்தது. ‘சொல்லாதடா, சனிக்கிழமை போயிடும்’ என்றார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

*

ஊரடங்கின் இரண்டாவது வாரம் கோலாலம்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். வாடகை அறையில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். மாநிலம் விட்டு மாநிலம் வரத் தடை. அறையில் அடுப்புக் கிடையாது, ஒரு ரைஸ் குக்கர் மட்டும்.

‘அப்பா, சார்டின் டின் இருக்கு. ரொட்டி சார்டின் மாதிரி காரமா சாப்பிடணும்போல இருக்கு. என்ன செய்ய?’

‘வெங்காயம் இருக்காமா?’

‘மூணு இருக்கு.’

‘மூணையும் நறுக்கு.’

‘ஒரு சின்ன டின்னுக்கு மூணாப்பா?’

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டில் சார்டின் வைத்தால் மீன் முக்கியம், வெங்காயம் துணை. கடையில் வெங்காயம்தான் வண்டியை இழுக்கிறது, மீன் ஏறி உட்கார்ந்து வருகிறது. இரண்டு வெங்காயத்தைக் குக்கர் சட்டியில் எண்ணெய் விட்டு வதக்கச் சொன்னேன். ரைஸ் குக்கர் வதக்கலுக்கு ஒத்துவராத சாதனம். சூடு ஏறியதும் டக்கென்று பொத்தான் மேலே வந்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி அமுக்கவேண்டும். நாலு டக்கு கேட்டது போனில். பிறகு ஊறவைத்து நசுக்கிய காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளித்தண்ணீர், ஒரு சிட்டிகைச் சீனி, டின்னில் இருக்கிற தக்காளிச் சாறு மட்டும். மீனை இப்போது போடக் கூடாது. சாறு சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது மீனை மெல்ல இறக்கி, ஒரே ஒருமுறை புரட்டவேண்டும். குக்கரை அணைத்தபின் மூன்றாவது வெங்காயத்தைப் பச்சையாகத் தூவி, எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று.

‘இப்ப இதை வேற கிண்ணத்துல எடுத்து வச்சிட்டு, அதே சட்டியில சோறு போடு.’

‘கழுவிட்டுத்தானே?’

‘கழுவாதே.’

கருவாட்டுக் குழம்பு தீர்ந்த மண்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிக் கையால் உருட்டித் தருவாளே அம்மா, அந்தச் சட்டிச் சோற்றுக்கு இணையான ஒன்று கோலாலம்பூரில் ஒரு ரைஸ் குக்கருக்குள் வெந்துகொண்டிருந்தது. அரை மணி கழித்துப் படம் அனுப்பினாள். சோறு இளஞ்சிவப்பாக இருந்தது. ‘கடை மாதிரி இல்லப்பா, கடையைவிட நல்லாருக்கு’ என்று எழுதியிருந்தாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கடை மாதிரி இருந்திருக்கவேண்டும்.

அந்தக் கோழிப் பட டின்னுக்கு ஒரு கதை உண்டு. 1892இல் சிங்கப்பூரில் ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் வியாபாரம் தொடங்கினார். தம் நாட்டுச் சேவலை முத்திரையாக வைத்தார். அவர் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. ஆட்கள் கடையில் போய் ‘சாப் ஆயாம்’, கோழி மார்க், என்று கேட்டார்கள். கடைசியில் கம்பெனியும் ஆயாம் என்ற பெயரையே வைத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சேவல், தக்காளிச் சாறு, கடல் மீன். இதை எடுத்து வெங்காயமும் மிளகாயும் போட்டு, வீசி மெலிதாக்கிய பரோட்டா மாவுக்குள் மடித்து ரொட்டி சார்டின் என்று விற்றவர் தமிழ் முஸ்லிம். அதைக் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டவர்கள் எல்லாரும்.

மெகி கோரெங் இன்னும் வேடிக்கை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே பாக்கெட்டைத்தான் மாமாக் கடைக்காரர் நம் கண்முன்னால் கிழிக்கிறார். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, தூளில் பாதியைப் போட்டு, மிளகாய் விழுது, கிச்சாப், முட்டை, முட்டைக்கோஸ், தௌஹூ என்று இரும்புச் சட்டியில் புரட்டித் தருகிறார். நாம் பல மடங்கு விலை கொடுத்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்காலி தேடி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வீட்டில் கிளறினால் அந்த ருசி வருவதில்லை என்று குறைப்படுகிறோம். அலமாரியிலிருந்து கடைக்குப் போன பண்டத்தை மறுபடி அலமாரிக்குக் கொண்டுவரும் முயற்சி இது. நகலுக்கு நகல்.

பாதி ரகசியம் நெருப்பில் இருக்கிறது. கடை அடுப்பு சீறுகிற அடுப்பு. அந்தச் சூட்டில் பிறக்கும் புகைமணத்தைச் சீனர்கள் சட்டியின் மூச்சு என்பார்கள். வீட்டு அடுப்பு அவ்வளவுக்கு மூச்சு விடாது. ஆனால் நான் மூன்று இரவுகள் கெடுத்துப் பார்த்துக் கண்டது ஒன்று உண்டு. ஒரு நேரத்துக்கு ஒரு பாக்கெட்தான் போடவேண்டும். இரண்டு பேருக்கு ஒன்றாகப் போட்டால் சட்டி குளிர்ந்து மீ வேக ஆரம்பிக்கிறது, வறுபடுவதில்லை. கடைக்காரர் நம்மை ஏன் காக்கவைக்கிறார் என்பது அப்போது புரிந்தது. சட்டியைக் காயவிட்டுப் புகை தெரிந்தபின் ஒரு பாக்கெட், ஒன்றரை நிமிடம், தட்டில் கொட்டு, அடுத்தது. மனைவி சாப்பிட்டு முடிக்கும்போதுதான் என் தட்டு வரும். எங்கள் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் மெகியால் கெட்டது.

பாக்கெட்டை நான் இழிவாகப் பேசவில்லை. பாக்கெட் நூடுல்ஸை ருசி பார்த்து எழுதுவதையே வேலையாக வைத்திருக்கும் அமெரிக்கர் ஒருவரின் 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது பினாங்கு வெள்ளைக் கறி மீ. அந்த வருடம் கடைகளில் அதைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் அளந்து அடைத்து வருகிற விழுதுப் பாக்கெட்டுகளோடு எனக்கு ஒட்டவில்லை. அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. தப்புச் செய்யவும் வழியில்லை.

*

இந்த ஊரின் கடைச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அதுவும் ஓர் அலமாரியில்தான் போய் முட்டுகிறது. அலமாரிகூட இல்லை, தகரப் பெட்டி. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களின் பெட்டி. 1926லிருந்து 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில்தான் என் தாத்தா வந்தார். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஊறுகாய்ச் சாடி, கருவாடு, அப்பளக் கட்டு, வற்றல். இறங்கி ஒரு மாதம் அதிலேயே ஓட்டினாராம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து முஸ்லிம் நெசவாளர்கள் வந்தார்கள். ராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்தார்கள். பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கிகளில் சமைத்துப்போட ஆள் இருந்தது. மற்றவர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கினார்கள். பெண்டுபிள்ளை ஊரில். மசாலாத்தூள், பருப்பு, புளி, காய்ந்த மிளகாய், கெடாத எதுவோ அதுதான் சமையல்.

அந்தச் சமையலைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தாம் நாசி கண்டார்க்காரர்கள். ‘நாசி’ சோறு, ‘கண்டார்’ தோள்கம்பு. கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடிவதற்கு முன் துறைமுகத்துப் பக்கம் போய்க் கூலியாட்களுக்கு விற்பார்கள். நம் தமிழில் சொன்னால் காவடிச் சோறு. அந்தப் பெயர் ஏனோ நிலைக்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற காவடிக்கே அந்தச் சொல்லை விட்டுவிட்டோம்போல. பிறகு கம்பு போய்க் கடை வந்தது. கேம்பல் தெருவில் 1907லிருந்து இருக்கிறது ஹமீதியா. கேப்பிட்டன் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு ‘பெராத்தூர்’ என்றே பெயராகிவிட்டது. வரிசையில் நில் என்று அர்த்தம்.

கோலாலம்பூர் அறையில் ஒரு ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்ததைக் கேட்டபோது எனக்கு ரஜூலாவில் வந்த தகரப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னேன். ‘அப்பா, தாத்தாவுக்கு வைஃபை இல்ல’ என்றாள்.

*

நாசி கண்டாரை வீட்டில் செய்வதாக முடிவெடுத்தபோது ஒரு சிக்கல் நின்றது. அதன் உயிர் ஒரு குழம்பில் இல்லை. மீன்குழம்பு, கோழி, குருமா, பருப்பு, கிச்சாப்பில் கறுக்க வைத்த மாட்டிறைச்சி என்று ஒவ்வொரு சட்டியிலும் அகப்பையை விட்டு, சோற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். ‘பாஞ்சிர்’ என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து குழம்பு யார் வைப்பது?

ஆகவே சேர்த்தேன். என்ன குழம்பு வைத்தாலும் ஒரு கரண்டியைக் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி உறைபெட்டியில் வைத்தேன். மேலே பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதினேன். திங்கள் மீன், வியாழன் கோழி, அடுத்த வாரம் பருப்பு. டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கும் என்று நம்பித் திறந்து மனைவி இரண்டு முறை ஏமாந்தாள். ஐந்து குழம்பு சேர மூன்று வாரம் ஆயிற்று. அலமாரியில் இருப்பதை வைத்து இருபது நிமிடத்தில் கடைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் இந்த மூன்று வாரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து சட்டி ஏற்றியிருப்பதால்தான் நமக்கு இரண்டு நிமிடத்தில் பொட்டலம் கிடைக்கிறது.

முதல் தடவை சோம்பல்பட்டு ஐந்தையும் ஒரே சட்டியில் கொட்டிக் கொதிக்கவைத்தேன். ருசியாக இருந்தது. ஆனால் அது கல்யாண வீட்டு மறுநாள் சுண்டக்கறியின் ருசி. சீன வீடுகளில் விருந்து மிச்சத்தைக் கடுகுக்கீரையும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கொதிக்கவிடுகிற கியாம் சாய் போய்க்கும் இதற்கும் தூரத்து உறவு சொல்லலாம். எல்லாம் கலந்து ஒரே பழுப்பாகி, மீனும் இல்லாமல் கோழியும் இல்லாமல் முதிர்ந்த ஒரு ருசி. நாசி கண்டாரில் அப்படி இல்லை. குழம்புகள் சட்டியில் கலப்பதில்லை, சோற்றின் மேல்தான் சந்திக்கின்றன. ஒரு வாயில் மீன் தூக்கலாக வரும், அடுத்த வாயில் கிச்சாப் இனிப்பு.

இரண்டாவது தடவை தனித்தனியாகச் சுடவைத்து, தனித்தனி அகப்பையால் ஊற்றினேன். நெருங்கி வந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது. கறித்தூளைச் சந்தேகப்பட்டேன், அரிசியைச் சந்தேகப்பட்டேன். மனைவி சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: ‘தட்டுல இருக்குல்ல, அதான்.’

அது உண்மை. நான் அந்தச் சாப்பாட்டைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவனே அல்ல. இருபது வருடமும் கட்டிக்கொண்டு வந்து, ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலில் அரை மணி ஊர்ந்து, லிப்டுக்குக் காத்து நின்று, அதன் பிறகு பிரித்துச் சாப்பிட்டவன். என் நாக்குக்குத் தெரிந்த நாசி கண்டார் பொட்டலத்துக்குள் அரை மணி நேரம் இருந்த நாசி கண்டார். அந்த நேரத்தில் சூட்டுக்கு இலை வாடி மணம் விடுகிறது. ஆவி வெளியே போக வழியில்லாமல் சோற்றிலேயே இறங்குகிறது. குழம்பு மேலிருந்து கீழே நிதானமாகப் போய், அடியில் இருக்கும் பருக்கைகூட நிறம் மாறுகிறது. அப்பளம் நொறுங்காமல் துவண்டுபோகிறது. நல்ல ஓட்டலில் இதெல்லாம் குற்றம். பொட்டலத்துக்கு இதுதான் பக்குவம்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. கட்டுச்சோறு என்றோம், பொதிசோறு என்றோம். வழிப்பயணத்து உணவுக்குப் பழைய தமிழில் ஆற்றுணா என்று தனிச்சொல்லே உண்டு. மலையாளத்தார் வாட்டிய வாழையிலையில் பொதிச்சோறு கட்டுகிறார்கள். கொழும்பில் மத்தியானம் அலுவலகத்துக்கு அலுவலகம் சோற்றுப் பார்சல் போகிறது. புளியோதரை கட்டிய மறுநாள் ருசிக்கும் என்று அறியாத பாட்டி உண்டா? இத்தனையும் வெளியே எடுத்துப் போவதற்கான கட்டு. வீட்டில் சமைத்து, வீட்டிலேயே கட்டி, வீட்டிலேயே பிரிப்பதற்கு மட்டும் பெயர் இல்லை. யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

செய்வதென்று ஆனபின் சாமான் தேடினேன். பழுப்புத் தாள் ஒரு கட்டு வீட்டிலேயே இருந்தது. பிப்ரவரி 8 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் எங்கள் குழு அன்னதானப் பொட்டலம் கட்டியதில் மிஞ்சியது. ஒரு பக்கம் மெழுகாக இருக்கும் தாள். இலைக்கு அடுக்குமாடிக்குப் பின்னால் யாரோ நட்ட வாழை இருந்தது. மடிக்கத்தான் தெரியவில்லை. கோவிலில் நான் வாளி தூக்கியவன், கட்டினது வேறு கைகள். முதல் பொட்டலம் மேசைமேலேயே வாய் திறந்தது.

நான்காவது வாரம் நானா கடைக் கதவு பாதி ஏறியது. வாசலில் குறுக்கே மேசை போட்டு, அதற்குப் பின்னால் முகக்கவசத்தோடு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். எனக்கு அறுபது ஆகப்போகிறது, அவருக்கு நான் இன்னும் தம்பிதான். இரண்டு பொட்டலம் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

‘வூட்டுலயே ஆக்கி வூட்டுலயே பொட்டலமா?’ என்று ஒரு முறை சிரித்தார். பிறகு கை வேலையில் இறங்கிவிட்டது, சிரிப்பு நின்றுவிட்டது. ‘பாருங்க தம்பி.’

இலையை நெருப்பில் ஒரு இழுப்பு இழுத்து வாட்டினார். தாளின் மெழுகுப் பக்கம் மேலே, அதன்மேல் இலை. சோறு நடுவில் குவியல், சப்பையாக இல்லாமல் உயரமாக. குழம்பை உச்சியில் ஊற்றினார். ஓரத்தில் ஊற்றினால் மடிப்பில் கசியும். கோழியை ஒரு பக்கமாகச் சாய்த்தார், எலும்பு தாளைக் கிழிக்காதபடி. எதிரெதிர் விளிம்பைத் தூக்கி உச்சியில் சேர்த்து இரண்டு மடிப்பாகக் கீழே இறக்கினார். பக்கவாட்டுக் காதுகளைக் கூம்பாக்கி அடியில் செருகினார். ரப்பர் ஒரே சுற்று.

‘சூடா இருக்கும்போதே மடிச்சிரணும். ஆற வச்சு மடிச்சா அது வெறும் சோறு. மடிச்ச பொறவு தலகீழா வச்சிராதிய.’

‘எவ்வளவு நேரம் வைக்கணும் நானா?’

‘நீங்க வூட்டுக்குப் போற நேரம்.’

வீட்டில்தானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

அந்த ஞாயிறு மறுபடி ஐந்து டப்பாவும் உருகின. சோறு வடித்த சூட்டோடு மூன்று பொட்டலம் கட்டினேன். இரண்டு போதும், சோறு மிஞ்சியதால் மூன்று. மீன் வைத்ததில் மனைவி பேனாவால் ‘மீ’ என்று எழுதினாள், மற்ற இரண்டில் ‘கோ’. பிறகு அரை மணி போக்கவேண்டும். சாலை நெரிசல் இல்லை. பசியோடு மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நாங்களே கட்டிய பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அபத்தமாக இருந்தது. அதனால் குப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்படியே மூன்றாவது பொட்டலத்தை வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் கொடுத்தேன். நேப்பாளத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், அவனும் ஊருக்குப் போக முடியாமல் இருந்தான். ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தான். ஆவி அவன் கண்ணாடியில் படிந்தது. முதல் வாய் உள்ளே போனபின் நிமிர்ந்து மலாயில் கேட்டான்:

‘கெடாய் மானா, அங்கிள்?’

எந்தக் கடை என்று கேட்கிறான். என்ன சொல்வதென்று தெரியாமல் மேலே கையைக் காட்டி, ‘திங்காட் துஜோ’ என்றேன். ஏழாவது மாடி.

அவன் தலையாட்டிக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் நான் வெளியே போய்த் திரும்பியபோது, வழக்கம்போல் நெற்றிக்கு நேரே சூடு பார்க்கும் கருவியை நீட்டி 36.4 என்று நோட்டில் எழுதிவிட்டு, குரலைத் தாழ்த்தி, இன்றைக்குக் கடை திறந்திருக்கிறதா என்று விசாரித்தான்.